பில்லில் சரிகையையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முகூர்த்த நாட்களை ஒட்டி வந்த உங்கள் கட்டுரையில் 'பட்டுச் சேலை செலவல்ல, முதலீடு' என்று எழுதியிருந்தீர்கள். இது ஜவுளிக்கடைக்காரர்கள் சொல்கிற வசனம். பத்திரிகையுமா சொல்ல வேண்டும்? தங்கத்தை அவசரத்துக்கு அடகு வைக்கலாம். பட்டை யார் வாங்குவார்? தெருவில் பழைய பட்டு கேட்டு வருபவர் சேலையின் அழகைப் பார்ப்பதே இல்லை. சரிகையைத் தேய்த்து வெள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். இல்லையென்றால் மடித்துக் கையில் தந்துவிடுவார்.

அதற்காக, விலை கூடிய துணியே ஆடம்பரம் என்கிற கட்சி இல்லை நான். தோள்சீலைக்காக, அதாவது மார்பை மறைத்து மேலுடை உடுத்தும் உரிமைக்காக, நாடார் பெண்கள் அடிபட்ட குமரி மண் இது. 1859-ல் அந்த உரிமையைத் தந்து திருவிதாங்கூர் அரசாணை வந்தபோதுகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. நல்ல துணி உடுத்த ஆசைப்படுவதை இங்கே யாரும் லேசாகக் கேலி செய்துவிட முடியாது.

வாங்கியதை உடுத்துகிறோமா என்பதுதான் கேள்வி. என் மாமியாருடைய கசவு முண்டும் நேரியலும், அதாவது சரிகைக் கரை போட்ட இடுப்புத் துணியும் மேல்துணியும், பாலராமபுரத்துத் தறியில் நெய்தவை. களியக்காவிளை, நெய்யாற்றின்கரை தாண்டினால் அந்த ஊர். பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ் பேசும் சாலிய நெசவாளர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். அந்த நாளில் அதுவும் சல்லிசாகக் கிடைத்ததல்ல. ஆனால் ஓணம், சுசீந்திரம் தேர், சொந்தக்காரர் கல்யாணம் எல்லாவற்றுக்கும் அதுதான். வீட்டிலேயே துவைத்து, கஞ்சி போட்டு உலர்த்துவார். துவைக்கத் துவைக்க நூல் மெதுவாகி உடம்போடு ஒட்டும். ஓரம் நைந்த பிறகு நடுத்துணி பேரப்பிள்ளைக்குத் தொட்டிலானது. கொடுத்த காசு முழுவதையும் வசூலித்துவிட்டார்!

இப்போதைய கல்யாணப் பட்டில் கனம் கூடக் கூட விலையும் கூடுகிறது, உடுத்துவதோ குறைகிறது. முகூர்த்தப் பட்டானாலும் கிறிஸ்தவக் கல்யாணத்து மந்திரகோடியானாலும் மண்டபத்தில் ஒரு தடவை, யாராவது நெருங்கிய வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொரு தடவை, அப்புறம் பீரோதான். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. பீரோவுக்குள்ளும் ஈரக்காற்று நுழையும். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை கறுக்கும், மடிப்பு விழுந்த இடத்தில் பட்டு இழை விட்டுப்போகும். வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்ற வேண்டும். பாச்சை உருண்டை சரிகையில் படக் கூடாது. இதற்கெல்லாம் யாருக்குப் பொழுது இருக்கிறது? எடுத்து உடுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும், காற்றாவது படும்.

காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் உழைப்பு போகிறது. அந்தக் கூலிக்குக் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. சரிகைக் கனத்துக்குக் கொட்டிக் கொடுப்பதைத்தான் சொல்கிறேன். அதிலும் என்ன சரிகை என்று தெரியாமலே கொடுக்கிறோம். சுத்தச் சரிகை என்றால் பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்கப் பூச்சு பூசியிருக்க வேண்டும். மட்டமானதில் வெள்ளிக்குப் பதில் செம்பு இருக்கும், அல்லது வெறும் பாலியஸ்டர் மினுமினுப்பு. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சில்க் மார்க் முத்திரை பட்டு சுத்தம் என்பதற்குத்தான், சரிகைக்கு அல்ல. பலருக்கு இது தெரியாது, உங்கள் கட்டுரையிலும் வரவில்லை.

நகைக்கடையில் பவுனின் தரத்தை பில்லில் எழுதுகிறார்கள். ஜவுளிக்கடைக்காரர்களும் சரிகையின் வகையை எழுதித் தரட்டும். சமீபத்தில் நாகர்கோவிலில் ஒரு கடையில் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் யாரு கேக்கா?" என்றார் விற்பனையாளர். நான்தான் கேட்கிறேன் என்றேன். மானேஜர் வந்தார், டீ வாங்கித் தந்தார், எழுதித் தரவில்லை. மகளுக்குச் சேலை வாங்காமல் பஸ் ஏறிவிட்டோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை