அக்காவின் குரலுக்குக் காத்திருந்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

போன பங்குனிப் பொங்கல் அன்று, சோழவந்தான் பக்கம் ஒரு கிராமத்து மாரியம்மன் கோயில் மேடையில் அக்காவும் நானும் மறுபடி சேர்ந்து பாடினோம். ஏழு மாதம் கழித்து. அன்றைக்கே மைக்கில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போல இருந்ததால் நேரே அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

எங்களுடையது பூக்கட்டுகிற வீடு. அம்மா மல்லிகை கட்டிக்கொண்டே எங்களுக்குத் திருப்புகழ் சொல்லிக் கொடுப்பார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு முடிச்சு. அந்த முடிச்சு விழுகிற இடத்தில்தான் எங்களுக்குத் தாளம் விழ வேண்டும். ஒருத்தி முந்தினால் அம்மா கை அப்படியே நின்றுவிடும். திருப்பரங்குன்றத்தில் விடியற்காலையில் ஒலிபெருக்கியில் சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம் கேட்கும்போது, “இதுல எது அக்கா, எது தங்கச்சி, சொல்லுங்க பாப்போம்” என்பார். எங்களால் சொல்ல முடிந்ததே இல்லை. “அப்படிப் பாடணும்” என்பதோடு அம்மாவின் பாடம் முடிந்துவிடும்.

அப்படித்தான் 30 வருஷமாகப் பாடுகிறோம். மாசியில் தொடங்கினால் வைகாசி வரை கோயில் திருவிழாக்கள், ஆடியில் அம்மன் கோயில்கள், கார்த்திகையில் ஐயப்ப பூஜைகள். அக்கா மூச்சு எடுக்கிற இடத்தில் நான் வரியின் வாலைப் பிடித்துக்கொள்வேன், நான் எடுக்கிற இடத்தில் அவள். கேட்கிறவர்களுக்கு மூச்சே விடாமல் பாடுவது போல இருக்கும். இதற்கு நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை.

போன ஆடி முடிந்ததும் அக்காவுக்குக் குரல் கம்மியது. முதலில் பார்த்த இடத்தில் சளி என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் அப்படியே போனது. அப்புறம் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாண் இரண்டிலும் எதிரெதிரே சின்னக் காய்ப்பு விழுந்திருக்கிறது என்று திரையில் காட்டினார். அரிவாள் பிடிக்கிற கையில் காய்ப்பு விழுவது போலத்தான், ஓயாமல் உரசி உரசி வருவது என்றார். அவசரப்பட்டு அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டாம், முதலில் ஓய்வும் பயிற்சியும் பார்ப்போம் என்று அவர் சொன்ன நிதானத்துக்கு என் முதல் நன்றி.

அக்கா சிலேட்டில் எழுதிப் பேசினாள். ரகசியம் பேசுவது போலக் கிசுகிசுப்பதும் கூடாது, அதுவும் நாணுக்குச் சுமைதான் என்று சொல்லித் தந்தது குரல் பயிற்சி கொடுத்த பெண். அந்தப் பிள்ளைக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஸ்ட்ராவை வாயில் வைத்து ‘ஊ’ என்று ஊதச் சொல்லும். மேடையில் அத்தனை சங்கதி போட்ட என் அக்கா அந்த ஒற்றை ‘ஊ’ நடுங்காமல் வர மூன்று வாரம் பாடுபட்டாள். வந்த அன்றைக்கு அந்தப் பிள்ளை எழுந்து நின்று கைதட்டியது. தாயி, நீ நல்லா இருக்கணும்.

நவராத்திரியும் ஐயப்ப பூஜையும் கைவிட்டுப் போயின. வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க ஊர் ஊராகப் போனேன். மேலூர் பக்கம் ஒரு பெரியவர் கவரைத் தொடவே இல்லை. “பாட்டுக்குக் கொடுத்த காசும்மா அது, பாடும்போது கழிச்சுக்கங்க” என்றார். மீனாட்சி திருக்கல்யாணத்தையே வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்த 2020-லும் இதே ஐயா இப்படித்தான் சொன்னார். உங்கள் ஊருக்கு இன்னும் ஒரு கச்சேரி பாக்கி இருக்கிறது ஐயா, மறக்கவில்லை.

வேறு ஒரு பாடகியைச் சேர்த்துக்கொண்டு பாடச் சொல்லி இரண்டு மூன்று பேர் கூப்பிட்டார்கள். பிழைப்புக்கு வழி காட்டினார்கள், தப்பில்லை. ஆனால் என்னால் முடியவில்லை. “சரி, உங்க அக்கா வரட்டும்” என்று விட்டுவிட்டவர்களுக்கும் நன்றி.

எங்கள் தபேலா அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அக்காவால் இனி பழைய 5½ கட்டைச் சுருதியில் பாட முடியாது, 4½ கட்டைக்கு இறக்க வேண்டும் என்றதும் நான் தயங்கித் தயங்கித்தான் அவரிடம் சொன்னேன். கீபோர்டில் ஒரு பட்டன் தட்டினால் சுருதி மாறிவிடும். தபேலாவுக்கு அப்படி இல்லை, சுத்தியலால் தட்டி ஓரளவுதான் இறக்கலாம். அதற்கும் கீழே போனால் வாய் அகலமான வேறு தபேலா வேண்டும், அதன் விலையும் எனக்குத் தெரியும். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் ஒத்திகைக்குப் புதுத் தபேலாவோடு வந்து உட்கார்ந்து, “பாடு பாப்பா” என்றார் அக்காவைப் பார்த்து. அக்காவுக்கு வயது 52.

மைக்செட் அண்ணனுக்கு இன்னொரு நன்றி. கூம்பு ஒலிபெருக்கிச் சத்தத்தில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்காமல்தான் இத்தனை வருஷமும் கத்தியிருக்கிறோம். இப்போது எந்த ஊர் என்றாலும், பாடுகிறவர்களுக்கே அவர்கள் குரல் கேட்க வைக்கிற மானிட்டர் ஒலிப்பெட்டி ஒன்றைத் தனியாக ஏற்றி வந்து அக்காவின் காலடியில் வைக்கிறார். அதற்கு வாடகை கேட்பதில்லை. எங்களுக்குத் தெரிந்த பாடகிகள் எல்லாரிடமும் இதை இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். காசு குறைந்தாலும் பரவாயில்லை, மானிட்டர் இல்லாமல் ஏறாதீர்கள்.

ராத்திரி மாட்டுத்தாவணியில் காத்திருந்து எங்களை வீடு சேர்த்த ஆட்டோத் தம்பிக்கும், பிள்ளைகளுக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டு அத்தைக்கும் நேரில் வந்து சொல்கிறேன்.

அன்றைக்கு மேடையில் முதல் பாட்டின் இரண்டாவது வரியில் அக்காவுக்கு மூச்சு போதவில்லை. நான் வாலைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வரியில் அவள் வந்து சேர்ந்துகொண்டாள். கீழே உட்கார்ந்திருந்த உங்களில் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள்.

அன்புடன்,
தங்கச்சி