பந்து மேலே நின்றால் ஆக்சிஜன் வருகிறது என்று ஆகாது

ஆசிரியருக்கு,

2021 கொரோனா அலையில் வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்கள் (அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவிகள்) பல, இப்போது வீட்டுக்கே வந்து நோயாளிகளைக் கவனிக்கும் பாலியேட்டிவ் குழுக்கள் வழியாகப் பீர்மேடு, வண்டிப்பெரியார் பக்கத்துத் தோட்ட லயங்களுக்கு இரவலாக வருகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் கொடுப்பவரும் வாங்குபவரும், ஃப்ளோமீட்டரில் (நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று காட்டும் குழாய்) பந்து 5-இல் நிற்கிறதா, ஈரப்பதம் சேர்க்கும் தண்ணீர் பாட்டிலில் குமிழ் வருகிறதா என்று பார்ப்பதோடு சரி. காற்று வருகிறது என்பதற்குத்தான் அது அத்தாட்சி. அதில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பந்துக்குத் தெரியாது.

கருவியின் உள்ளே இருக்கும் ஜியோலைட் என்ற தாதுப்பொருள் மணிகள், அழுத்தம் ஏறும்போது நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை விடும்; அழுத்தம் இறங்கினால் நைட்ரஜனைக் கக்கிவிடும். ஆனால் மணிகளில் ஈரம் ஒட்டினால் அது அப்படிப் போகாது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை முழுக்க மூலையில் சும்மா கிடந்த கருவி கெடுவது இதனால்தான். 93 சதவீதம் தர வேண்டியது 60-க்கு இறங்கியிருக்கும். சத்தமும் குமிழும் மட்டும் மாறாது. மணிகளை எடுத்து வெயிலில் காயவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஈரம் போக 300 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். மணி அடைத்த உருளையையே மாற்ற வேண்டியதுதான்.

கருவியை 20 நிமிடம் ஓடவிட்டு, நிமிடத்துக்கு 5 லிட்டரில் வைத்து அனலைசரால் (ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் கருவி) அளக்க வேண்டும். 82 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. 2 லிட்டரில் அளந்து திருப்திப்பட வேண்டாம். பாதி கெட்ட கருவியும் அங்கே நல்ல பிள்ளையாக 90 காட்டும். தாலுகாவுக்கு ஓர் அனலைசர் இருந்தால் போதும். ஒவ்வொரு முறை கைமாறும்போதும் அளந்த சதவீதத்தையும் தேதியையும் கருவியிலேயே எழுதி ஒட்டலாம். பயன்படுத்த நோயாளி இல்லாத மாதங்களிலும் மாதம் ஒரு தடவை இரண்டு மணி நேரம் ஓட்டிவைக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியது ஸ்பாஞ்ச் ஃபில்டர். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். பாட்டில் மூடி கோணலாக ஏறியிருந்தால் காற்று அங்கேயே கசிந்துவிடும். குழாயை மடித்துப் பிடித்துப் பாருங்கள், சேஃப்டி வால்வு விசில் அடிக்க வேண்டும்.

அடுத்தது கரண்ட். 5 லிட்டர் கருவி ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) இன்வர்ட்டர் பேட்டரி புதிதானாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் அது எந்த மூலைக்கு? பக்கத்தில் ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டும். 10 லிட்டர் கொள்ளளவு, கேஜில் (அழுத்தமானியில்) 150 பார் என்றால் 1,500 லிட்டர் ஆக்சிஜன். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் ஐந்து மணி நேரம். கேஜ் 75-இல் இருந்தால் இரண்டரை மணி நேரம்தான். ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படக் கூடாது. விறகடுப்புள்ள அறையில் சிலிண்டரை வைக்கவே கூடாது. ரெகுலேட்டரும் சிலிண்டரைத் திறக்கும் கீயும் சிலிண்டரோடு கட்டியே இருக்கட்டும்.

மருத்துவக் கருவி பழுதுபார்ப்பவர்கள்,
வண்டிப்பெரியார், இடுக்கி மாவட்டம்