இன்சுலின் வரிசையில் நிற்பவர்களுக்காக ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை சுகர் ஓபி வரிசையில் அம்மாவோடு நின்றிருந்தேன். உங்களில் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "வாயைக் கட்டத் தெரியாது, வியாதியை இழுத்துட்டு வந்து கவர்மெண்ட் தலையில கட்டிடுறீங்க." அம்மா நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு "போயிடலாமா" என்றார். மருந்து வாங்காமலே.

அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். தம்பி வயிற்றில் இருந்தபோது முதன்முதலாக சுகர் வந்தது, பிரசவத்தோடு போனது, பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்துவிட்டது. இதில் எந்த வாயை எப்போது கட்டியிருக்க வேண்டும்?

மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது, அதற்கு நன்றி. இன்சுலினுக்குத்தான் உங்களிடம் வர வேண்டியிருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு பாட்டில் தருகிறீர்கள், அதில் 400 யூனிட். காலையில் 20, இரவில் 12 போட்டால் 12 நாளில் தீர்ந்துவிடும். அப்படியானால் 12 நாளைக்கு ஒருமுறை விடியற்காலை பஸ் ஏறி, சீட்டு வாங்கி, ரத்தம் கொடுத்து, மருந்து வாங்கி மதியம் இரண்டு மணிக்கு வெளியே வரும்போது அன்றைய கூலி போயிருக்கும். மூன்றாவது தடவை லீவு கேட்டால் மேஸ்திரி வேறு ஆளை வைத்துக்கொள்வார். போன மாதம் அந்தப் பயத்தில் அம்மா இரவு ஊசியை நிறுத்தி பாட்டிலை இழுத்துப் பிடித்தார், சுகர் 380க்குப் போய்விட்டது. வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, மண் சட்டியில் ஈர மணலுக்குள்தான் மருந்தை வைக்கிறார். இவ்வளவு கவனமாக இருப்பவரைப் பார்த்துத்தான் பொறுப்பில்லை என்கிறீர்கள்.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்று: ஒரு மாதத்துக்கான இன்சுலினை ஒரே தடவையில் கொடுங்கள்.

சாப்பாட்டுச் சீட்டில் ஓட்ஸ், ஆப்பிள், பாதாம் என்று எழுதித் தருகிறீர்கள். எங்கள் ரேஷன் கடையில் பெரும்பாலும் கிடைப்பது அரிசியும் சர்க்கரையும். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023 முதல் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கிறார்கள், அதை எங்களுக்கும் கொடுத்துவிட்டு அப்புறம் வாயைக் கட்டச் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம். குடித்துக் கல்லீரல் கெட்டு வருகிறவருக்கும் இதே ஏச்சுதான் விழுகிறது. குடிப்பது தப்பு, சரி. ஆனால் 2003 முதல் மதுக்கடைகளை நடத்துவது அரசு, 2023-24இல் அதிலிருந்து வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தை வாங்கும்போது அவர் யாரென்று யாரும் கேட்கவில்லையே! 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதத்தை மருத்துவத்துக்கு ஒதுக்குவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதியவர்கள் அந்த அளவைத் தொடவே இல்லை. அவர்களை யார் வரிசையில் நிறுத்தித் திட்டினார்கள்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கூட்டம் அதிகம், ஆள் குறைவு, உங்கள் கஷ்டமும் புரிகிறது. ஒரு மாத இன்சுலினை மொத்தமாகக் கொடுத்தால் உங்கள் வரிசையும் பாதியாகிவிடும். முடிந்தால் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். வரிசையில் யாரையும் அப்படிப் பேச வேண்டாமென்று உங்கள் ஊழியர்களிடமும் சொல்லுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை அம்மாவை மறுபடி அழைத்து வருகிறேன். தயவுசெய்து இரண்டு பாட்டிலுக்கு மேல் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சித்தாளின் மகள்