எட்டு என்று இருந்தால் எந்த எட்டு?

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஈய முத்திரையின் படத்தில் ஆண்டு எங்கே என்று கேட்டிருந்தாய். இருக்காதும்மா. பைசாந்திய (கிழக்கு ரோமப்) பேரரசின் வணிக அதிகாரிகளான கொம்மெர்கியாரியோஸ்கள் பொறித்தது இண்டிக்‌ஷன் எண்ணைத்தான். செப்டம்பர் 1-ல் தொடங்கும் வரியாண்டு. பதினைந்து ஆனதும் மறுபடி ஒன்று. வெறுமனே 'பிரபவ' என்றால் எந்தப் பிரபவ என்று நாம் கேட்க மாட்டோமா, அந்தக் கதைதான்.

கி.பி. ஆண்டோடு 3-ஐக் கூட்டி 15-ஆல் வகு. மீதிதான் இண்டிக்‌ஷன், மீதி இல்லையென்றால் 15. 695-க்கு 698, மீதி 8. ஆக, 694 செப்டம்பர் முதல் 695 ஆகஸ்ட் வரை எட்டு.

முத்திரையில் எண் எட்டு, பேரரசர் இரண்டாம் ஜஸ்டினியன் என்று தெரிந்ததுமே 694/5 என்று எழுதிவிடாதே. அவர் 685–695, 705–711 என இரண்டு தடவை ஆண்டவர். 709/10-ம் எட்டுதான். இரண்டாம் ஆட்சியில் மகன் திபேரியோஸ் இணைப் பேரரசன். பக்கத்தில் சிறுவன் உருவம் இருக்கிறதா பார். இல்லையென்றால் அதே அதிகாரியின் வேறு முத்திரைகளோடு ஒப்பிடு. ஜார்ஜ் என்ற அதிகாரியின், அடிமைகளைக் குறிப்பிடும் முத்திரைகளை 694/5-ல் வைப்பது வழக்கம்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. கிரேக்கத்தில் 11 என்பது அயோட்டா, ஆல்ஃபா என்று இரண்டு எழுத்து. குறடு போன்ற இரும்பு அச்சுக்கு நடுவில் ஈயவில்லை சற்றே விலகி உட்கார்ந்து சுத்தியல் விழுந்தால், ஓரத்து அயோட்டா வில்லைக்கு வெளியே போய்விடும். மிஞ்சிய ஆல்ஃபாவை 1 என்று படித்தால் பத்தாண்டு பிசகு. எழுத்துக்கு முன்னால் எவ்வளவு ஈயம் மிச்சம் என்று முதலில் பார். நூல் போகும் துளைவழியே வில்லை பிளந்திருந்தால் அந்த வரியில் ஊகிக்காதே, அடைப்புக்குறி போடு.

இந்த முத்திரைகளில் வரும் 'அப்போதேக்கே' என்ற சொல்லைக் கிடங்கு என்று மொழிபெயர்க்கலாம். ஒரு கட்டடம் என்று நினைத்துவிடாதே. ஒரே முத்திரையில் பல மாகாணங்கள் வருகின்றனவே! அதில் இருந்தது பட்டுச் சரக்கா, படைக்கு ஆயுதமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு இரண்டுமே முழுசாகப் பொருந்தவில்லை. 730/1 முதல் இவ்வகை முத்திரைகளில் ஆள் பெயர் போய், 'பேரரசின் கொம்மெர்கியா' என்று துறையின் பெயர் மட்டும் வரும்.

படத்தை விளக்கு தாழச் சாய்ந்திருக்கும்படி எடு. வில்லையைக் கால் சுற்று திருப்பி இன்னொன்று. ஓக் மர இழுப்பறையில் மட்டும் வைக்காதே; அந்த மரத்தின் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். பொடி தெரிந்தால் துடைக்காதே, எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

அப்பா