மஞ்சளும் மிளகும் நொதியைத் தடுக்கின்றனவா? எதில் பார்த்தார்கள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "மிளகு கல்லீரல் நொதியை முடக்குகிறது", "மஞ்சளால் மாத்திரை உடலில் தங்கிவிடும்" என்று மருத்துவப் பக்கங்களில் செய்திகள் வருகின்றன. இப்படிச் சொல்லப்படுபவற்றில் பல, மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தவை அல்ல. மனித நொதிக்கான மரபணுவைப் பூச்சி செல்லிலோ ஈ.கோலை பாக்டீரியாவிலோ ஏற்றி, அங்கே உருவாகும் நொதியைக் குழாயில் வைத்துச் செய்த சோதனைகள். அருமையான கருவி அது. ஆனால் கையாளும் முறை பிசகினால் தவறான எண்ணைத் தந்துவிடும்.

மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோகுரோம் பி450 குடும்பத்தில் மிக அதிக மருந்துகளைக் கவனிப்பது 3ஏ4. அது தனியாக இயங்காது. எலக்ட்ரான் கொண்டுவந்து தர ரிடக்டேஸ் என்ற இன்னொரு நொதி பக்கத்திலேயே வேண்டும். அதனால் விலைக்குக் கிடைக்கும் மைக்ரோசோம்களில் (செல்லின் உட்சவ்விலிருந்து பிரித்த நுண்துகள்களில்) இரண்டையும் சேர்த்தே உருவாக்கியிருப்பார்கள். சிலவற்றில் சைட்டோகுரோம் பி5 என்ற துணைப் புரதமும் இருக்கும். அது வேகத்தை மாற்றக்கூடியது என்பதால், பி5 உள்ளதன் வேகத்தை இல்லாததோடு ஒப்பிடுவது தவறு.

மைக்ரோசோம் குப்பி மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டும். 37 டிகிரி நீரில் சட்டென உருக்கி, உடனே பனிக்கட்டி மேல் வைத்து, சிறு பங்குகளாகப் பிரித்துவிட வேண்டும். திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கினால் செயல்திறன் சரியும். சந்தேகம் வந்தால், ஒடுக்கிய (எலக்ட்ரான் ஏற்றிய) நொதியில் கார்பன் மோனாக்சைடைச் செலுத்தி ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். முகடு 450 நானோமீட்டரில் இருந்தால் நொதி நலம். 420-க்கு நகர்ந்திருந்தால் கெட்டுவிட்டது. பி450 என்ற பெயரே அந்த முகட்டால் வந்தது.

சோதனைக் குழாயில் சேர்க்கும் வழக்கமான கலவை இது: 100 மில்லிமோலார் பொட்டாசியம் பாஸ்பேட் பஃபர், பிஎச் 7.4, மக்னீசியம் குளோரைடு 3.3, என்ஏடிபி 1.3, குளுக்கோஸ்-6-பாஸ்பேட் 3.3 மில்லிமோலார், அதன் டிஹைட்ரஜனேஸ் மில்லிலிட்டருக்கு 0.4 யூனிட் (என்ஏடிபியும் இவையும் சேர்ந்து, எலக்ட்ரான் தரும் என்ஏடிபிஎச்சைத் தொடர்ந்து உருவாக்கும்). நொதி மில்லிலிட்டருக்கு 10 பிகோமோல், 3ஏ4 சிதைக்கும் தூக்க மருந்தான மிடசோலம் 2 அல்லது 3 மைக்ரோமோலார். 37 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடேற்றிவிட்டு வினையைத் தொடங்கி, ஐந்து நிமிடத்தில் குளிர்ந்த அசிட்டோநைட்ரைல் ஊற்றி நிறுத்த வேண்டும். மிடசோலத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் செலவாகக் கூடாது. நேரத்தை நீட்டினால், தடுப்பான் சேர்க்காத ஒப்பீட்டுக் குழாயில் மிடசோலம் தீர்ந்துகொண்டே போகும். தடுப்பான் உள்ளதைவிடப் பலவீனமாகத் தெரியும். போதாததற்கு, மிடசோலமே 3ஏ4-ஐ மெல்ல முடக்கக்கூடியது.

மூலிகைச் சாறு என்று வந்தால் சிக்கல் கூடுகிறது. சாற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து ஒரு சதவீதம் சேர்த்துவிடுகிறார்கள். 3ஏ4-ஐ டிஎம்எஸ்ஓவே தடுக்கும். 0.1, மிஞ்சினால் 0.2 சதவீதத்தோடு நிறுத்தி, சாறு இல்லாத குழாயிலும் அதே அளவு சேர்க்க வேண்டும்.

மஞ்சள் விஷயத்தில் இன்னும் பெரிய தவறு நடக்கக்கூடும். செலவு குறையும் என்று மிடசோலத்துக்குப் பதிலாக, நொதி சிதைத்தால் ஒளிரும் கூமரின் வகைப் பொருளை வைத்து அளப்பார்கள். 409 நானோமீட்டர் ஒளியைச் செலுத்தி 530-இல் படிப்பது. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் ஒளியை உறிஞ்சி ஒளிர்கிறது. கருவி காட்டுவது நொதியின் வேலையையா, மஞ்சளின் நிறத்தையா என்று பிரிக்க முடியாது. தவிர, சீரம் சேர்க்காத பஃபரில், பிஎச் 7.4-இல், 37 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் குர்குமினில் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். நிறமுள்ள எந்தச் சாற்றுக்கும் எல்சி-எம்எஸ் முறையில் (பொருள்களைப் பிரித்து நிறையால் அடையாளம் காண்பது) மிடசோலத்தின் விளைபொருளை அளப்பதே நம்பகமானது.

மிளகின் பைப்பரினில் மெத்திலீன்டைஆக்சி வளையம் இருக்கிறது. அந்த அமைப்புள்ள பொருள்கள் வினைபட்ட பிறகே நொதியின் இரும்பை இறுகப் பிடிக்கக்கூடியவை. எனவே என்ஏடிபிஎச் சேர்த்தும் சேர்க்காமலும் நொதியையும் பைப்பரினையும் 30 நிமிடம் முன்கூட்டி ஒன்றாக வைத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாமல் "மிளகு பாதுகாப்பானது" என்று எழுதுவதும் தவறுதான்.

3ஏ4 மட்டும் உள்ள குழாயில் சில விளைவுகள் தெரியவே தெரியாது. 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரினை மனிதருக்குக் கொடுத்தபோது இரத்தத்துக்குப் போகும் குர்குமின் சுமார் 20 மடங்கு உயர்ந்ததாக 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். குர்குமினோடு குளுகுரோனிக் அமிலத்தைச் சேர்த்து வெளியேற்றும் வேறொரு நொதிக் குடும்பம் தடைபடுவதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆகவே இத்தகைய செய்தியை அச்சிடும்போது, சோதனை தனி நொதியிலா, கல்லீரல் மைக்ரோசோமிலா, மனிதரிலா என்பதையும், எத்தனை மைக்ரோமோலார் அடர்வில் தடுத்தது என்பதையும், கீட்டோகோனசோல் (பூஞ்சை மருந்து) போன்ற தெரிந்த தடுப்பானையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்தார்களா என்பதையும் கேட்டுப் போடுங்கள். ரசத்தில் விழும் மிளகும் காப்ஸ்யூலில் அடைத்த பைப்பரினும் ஒரே அளவல்ல. எந்த அளவைப் பற்றிய செய்தி என்பது முதல் பத்தியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆய்வகப் பணியாளர்கள்,
சென்னை