தலை வணங்குவது பழைய பழக்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இயேசுவின் பெயரைக் கேட்டதும் தலை வணங்குவது பெரியவர்களோடு போன பழக்கம், 1960களில் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை எடுத்துவிட்டது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சங்கத்துக்குப் பின் வந்த திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையில் (திருப்பலியை எப்படி நிறைவேற்றுவது என்ற விதிகள்) 275ஆம் எண்ணைப் பார்த்தால் விஷயம் வேறு. தந்தை, மகன், தூய ஆவி என்று மூவொரு கடவுளின் பெயர்களைச் சேர்த்துச் சொல்லும்போதும், இயேசு, மரியா, அன்றைய திருப்பலிக்குரிய புனிதர் ஆகியோரின் பெயர்களைச் சொல்லும்போதும் தலை வணங்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. 1274இல் லியோன் பொதுச்சங்கம் சொன்ன வழக்கம் இன்றும் செல்லும். எடுத்துவிட்டது திருச்சபை அல்ல, நாம்தான்.

திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் புகழ்ப்பாட்டைப் பாடும்போது கவனித்துப் பாருங்கள். இயேசு கிறிஸ்து என்று இரண்டு இடத்தில் வருகிறது. பாட்டின் வேகத்தில் இரண்டையும் தாண்டிப் போய்விடுகிறோம். பீடத்தில் நிற்கும் குருவானவர் நிதானமாகத் தலை வணங்கினால் போதும், முன்வரிசைப் பிள்ளைகள் தானாகச் செய்வார்கள். அறிவிப்பு, விளக்கம் எதுவும் தேவையில்லை.

வெறும் பெயருக்கு ஏன் இத்தனை மரியாதை என்ற கேள்வியும் புதிதல்ல. 15ஆம் நூற்றாண்டில் சியன்னா நகரத்துப் புனித பெர்னார்தீன், கதிர்கள் சூழ இயேசுவின் பெயரெழுத்துகளை ஒரு பலகையில் தீட்டி, மறையுரை முடிவில் உயர்த்திக் காட்டுவார். மக்கள் முழந்தாளிடுவார்கள். எழுத்தை வழிபடச் சொல்கிறார் என்று அவர்மேல் புகார் போய், ரோமையில் விசாரணையே நடந்தது. திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் அவர்மேல் குற்றமில்லை என்று தீர்த்தார். வணக்கம் பலகைக்கு இல்லை, அந்தப் பெயருக்கு உரியவருக்கு.

அந்தப் புகார் இன்று பொருந்துவது வாட்ஸ்அப்பில் வருகிறவற்றுக்குத்தான். 'இயேசுவின் பெயரால் இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கெட்ட செய்தி வரும்' என்பது பக்தியா, மிரட்டலா? கடவுளின் திருப்பெயரை வீணாகச் சொல்லாதே என்ற கட்டளைக்குள் இதுவும் அடங்கும் என்றே நினைக்கிறேன். கால் இடறியதும் 'இயேசு மரி சூசை' என்று வாயில் வருகிறதே, அதைக் குறை சொல்ல மாட்டேன். அது மன்றாட்டு.

இன்னொன்று. இயேசுவின் திருப்பெயருக்கென்று ஒரு நாளே இருக்கிறது. 1721இல் திருச்சபை முழுமைக்கும் வந்த விழா அது. குழந்தைக்கு எட்டாம் நாளில் இயேசு என்று பெயரிட்டதை ஜனவரி 1 நற்செய்தியிலேயே வாசிக்கிறோம் என்பதால் 1969இல் பொது நாள்காட்டியிலிருந்து நீங்கியது, 2002 திருப்பலி நூலில் ஜனவரி 3க்கு விருப்ப நினைவாக, அதாவது விரும்பினால் கொண்டாடலாம் என்ற நாளாக, திரும்பி வந்தது. விருப்ப நினைவு என்பதாலோ, புத்தாண்டுக் களைப்பாலோ, அது வந்து போவதே தெரிவதில்லை. உங்கள் ஜனவரி இதழின் திருவழிபாட்டு நாள்காட்டியில் 3ஆம் தேதிக்கு எதிரே ஒரு வரி போடுங்கள். திருப்பெயர் மன்றாட்டுமாலையையும் பக்கத்திலேயே அச்சிட்டால், வீட்டில் சொல்ல விரும்புகிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்