ரேடியோ ஈயமும் கண்ணாடி ஈயமும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலந்தானே? போன தடவை போனில் "சாயங்காலமெல்லாம் என்னம்மா பண்றே?" என்று கேட்டீர்கள். ஏதோ வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிச் சமாளித்தேன். எந்த வகுப்பு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கடிதம் என்றால் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால் இதில் எழுதுகிறேன்.

இங்கே குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து அறைக்கு வந்தால் ஜன்னலில் வெளியே எதுவும் தெரியாது, என் முகம்தான் தெரியும். இரண்டு மாதம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பக்கத்திலிருக்கும் பொது மண்டபத்தைக் கடந்தபோது கதவு திறந்திருந்தது. உள்ளே பத்துப் பேர் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். புகை வாசனை வந்தது. உங்கள் ரேடியோ ஈயக் கம்பியில் இருக்கும் ரோசின் என்ற பிசினின் வாசனை இல்லை, அதைவிடக் காரமானது. ஆனாலும் நீங்கள் முன்னறையில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பதும், நான் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அப்படியே கண்முன் வந்தது. அடுத்த வாரமே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் இணைத்துப் படம் செய்கிற வேலை.

முதல் நாளே ஒரு வேடிக்கை. "சால்டர் எங்கே இருக்கிறது?" என்று, பற்றவைக்கிற ஈயத்தைத்தான் கேட்டேன். ஒருவருக்கும் புரியவில்லை. இந்த நாட்டில் அந்தச் சொல்லில் 'ல்' இருப்பதாகவே யாரும் நினைப்பதில்லை. "சாடர்" என்கிறார்கள். நம் வீட்டில் இத்தனை வருஷம் புழங்கிய சொல்லை நான் இங்கே முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஈயம் கண்ணாடியில் ஒட்டாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் பசை தடவிய மெல்லிய செப்புப் பட்டையால் சுற்றுகிறோம். கண்ணாடி 3 மில்லிமீட்டர் கனம், பட்டை 5.6 மில்லிமீட்டர் அகலம். ஓரத்தின் நடுவில் சரியாக உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக மடியும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் போனால், பிறகு ஈயக் கோடும் அதே மாதிரி கோணலாகத்தான் வரும். மடித்ததை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். விரல் எண்ணெய்ப் பிசுக்கோ, கண்ணாடி வெட்டும்போது சிந்திய எண்ணெயோ கொஞ்சம் இருந்தாலும் பட்டை பிடிக்காது. பட்டைச் சுருளைக் காற்றுப் புகாத பையில்தான் வைக்கிறோம், வெளியில் கிடந்தால் செம்பு கறுத்துப்போகும். இந்தச் சுற்றுகிற வேலை எனக்கு அலுப்பு. வகுப்பில் ஒரு பாட்டி மட்டும் இதற்காகவே வருகிறார், மனசு அடங்குகிறதாம். எனக்கு அடங்கவில்லை. கை எப்போது ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னுக்குப் போகும் என்றிருந்தது.

போனது. போன உடனே மானமும் போனது.

எனக்கு இந்த வேலை தெரியும் என்று ஆசிரியையிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் மனப்பாடம்: "ஜாயிண்ட்டைச் சூடாக்கு, ஜாயிண்ட் ஈயத்தை உருக்கட்டும், அயர்ன் உருக்கக் கூடாது." அதேபோல முனையைச் செப்புப் பட்டைமேல் வைத்துவிட்டு நிதானமாகக் காத்திருந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். நான் செய்துகொண்டிருந்தது ஏழு துண்டில் ஒரு மீன். அதன் நீல வால் குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. ஒரே இடத்தில் சூடு நின்றால் அங்கே மட்டும் கண்ணாடி விரிகிறது, பக்கத்தில் குளிர்ந்தே இருக்கிறது, இழுபறியில் உடைகிறது. பட்டையின் பசையும் இளகி ஓரம் தூக்கிக்கொண்டது. ரேடியோவில் ஒயரும், அதைப் பற்றவைக்கிற டேக் என்ற உலோகத் துண்டும் சூட்டை உறிஞ்சும், அதனால் அங்கே காத்திருக்க வேண்டும். இந்தப் பட்டையோ தலைமுடியைவிட மெல்லியது, தொட்டவுடன் சூடாகிவிடும், காத்திருக்க ஒன்றுமே இல்லை. நீங்கள் சொன்னது தப்பில்லை அப்பா, அது வேறு பொருளுக்குச் சொன்னது. உடைந்த துண்டைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கி, எடுத்துப் போட்டு, புதிதாக வெட்டி வைக்க எனக்கு ஒரு மாலை முழுதும் ஆனது.

அயர்னும் வேறு. உங்களுடையது 25 வாட். இங்கே 80, 100 வாட்டில் உளி மாதிரி தட்டையான முனை வைத்தது, சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம். 400 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்கிறேன். நீளமான கோட்டை ஓட்டும்போது சின்ன அயர்ன் சூட்டை இழந்து பாதியில் திணறும். ஈயமும் உள்ளே ரோசின் இல்லாத வெறும் கம்பி. ரோசின் கம்பியை இதில் போட்டால் பழுப்பாகப் பிசுபிசுவென்று கண்ணாடி முழுக்கப் படியும். ஈயம் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் என்ற பூச்சைத் தனியாகத் தூரிகையால் தடவுகிறோம். அது இல்லாவிட்டால் ஈயம் செம்பின்மேல் பரவாமல் உருண்டை உருண்டையாக நிற்கும். அதிகமானாலோ கொதித்துக் குமிழி விட்டுக் கோட்டில் ஓட்டை விழும்.

கம்பியில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். 183 டிகிரியில் இளக ஆரம்பித்து 190 வருவதற்குள் முழுசாக ஓடும், உறைவதும் அவ்வளவு சீக்கிரம். அதனால்தான் மேலே உருண்டையாக, பாதிக் குழாய் மாதிரி ஒரு கோடு நிற்கிறது. சரிபாதி கலந்த கம்பி 210 டிகிரியைத் தாண்டினால்தான் முழுக்க உருகும், இறுகவும் நேரம் எடுக்கும், கோடு மொத்தையாக வரும். அதைச் சிலர் பின்பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த உருண்டைக் கோடு இருக்கிறதே, அதற்குத்தான் இவ்வளவு பாடும். முதலில் துண்டுகள் நகராதபடி அங்கங்கே ஒரு பொட்டு. பிறகு கோட்டின்மேல் முனையை வைத்து, கம்பியை அதில் ஊட்டிக்கொண்டே மெதுவாக இழுத்துப் போக வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் வரிவரியாகிவிடும். நிறுத்தும்போது நேராக மேலே தூக்க வேண்டும், பக்கவாட்டில் எடுத்தால் வால் மாதிரி ஒரு முள் நிற்கும். ஈயம் தண்ணீர் மாதிரி பள்ளத்துக்குத்தான் ஓடும், பலகை சாய்ந்திருந்தால் கோடும் சாய்ந்துவிடும். துண்டுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அந்தப் பக்கம் ஒழுகிவிடும். எனக்கு அப்படி மூன்று இடத்தில் ஒழுகியது. இடைவெளி எல்லாம் நான் சரியாகத் தேய்த்துச் சமன் செய்யாத கண்ணாடி ஓரங்கள். ஈயம் அடைத்துக்கொள்ளும் என்று நம்பி விட்டவை.

உங்கள் பாடத்தில் ஒன்று மட்டும் அப்படியே செல்லுபடியானது: "முனை எப்பவும் வெள்ளியா இருக்கணும்." இங்கே எல்லோரும் முனை கறுத்துப்போய், ஈயம் பிடிக்காமல், அயர்னையே திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பித்தளைச் சுருளில் துடைத்து, ஒரு துளி ஈயம் ஏற்றிவிட்டுத்தான் ஸ்டாண்டில் வைப்பேன். ரொம்பக் கறுத்ததை நவச்சாரக் கட்டியில் தேய்த்து மீட்டேன். இப்போது வகுப்பில் முனை சரிசெய்வது என் வேலையாகிவிட்டது. பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை என்று எழுதியிருந்தேனே, இப்போது நாலு பேர் அயர்னோடு வந்து நிற்கிறார்கள்.

ஆசிரியை ஒரு கதை சொன்னார். செப்புப் பட்டை முறையைப் பிரபலமாக்கியவர் நியூயார்க்கின் லூயி கம்ஃபர்ட் டிஃபனி. அவர் பேரில் போன விளக்குகள் பலவற்றை வரைந்தது, அங்கே பெண்கள் பிரிவை நடத்திய கிளாரா டிரிஸ்கால் என்பவராம். விஸ்டீரியா என்ற பூங்கொடியின் வடிவில் செய்த விளக்கு ஒன்றில் மட்டும் கிட்டத்தட்ட 2000 துண்டுகள். இது வெளியே தெரிய வந்தது எப்படித் தெரியுமா? அவர் அம்மாவுக்கும் தங்கைகளுக்கும் எழுதிய கடிதங்களிலிருந்து. அவற்றை வைத்து 2007-இல் நியூயார்க்கில் கண்காட்சியே நடத்தியிருக்கிறார்கள். அதனால் இந்தக் கடிதத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள்.

அம்மா கவலைப்படுவார்: காரீயப் புகை மூச்சில் போகாதா என்று. காரீயம் ஆவியாக 1749 டிகிரி வேண்டும், எங்கள் அயர்ன் அதில் கால்வாசியைக்கூடத் தொடாது. புகை ஃபிளக்ஸிலிருந்து வருவது. அதுவும் தொண்டையை எரிக்கும், அதனால் மின்விசிறி ஓடுகிறது, ஜன்னலும் திறந்திருக்கும், குளிரில் நடுங்கிக்கொண்டே செய்கிறோம். உண்மையான ஆபத்து கையிலிருந்து வாய்க்குப் போவதுதான். வேலை மேஜையில் எதையும் சாப்பிடுவதில்லை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். நீங்கள் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வீர்களே, அதை அம்மாவிடம் இப்போதாவது ஒப்புக்கொண்டு நிறுத்துங்கள்.

மீன் முடிந்துவிட்டது. தொங்கவிடும் வளையத்தை வெளி ஓரத்தில் வைக்காமல், இரண்டு துண்டு சேரும் கோட்டின் முனையில் வைத்திருக்கிறேன். ஓரப் பட்டையில் மட்டும் வைத்தால் கனம் தாங்காமல் உரிந்து வரும். ஃபிளக்ஸ் போக இரண்டு தடவை கழுவி, ஈயக் கோட்டுக்குக் கறுப்பு ஏற்றி, மெழுகு தேய்த்தாகிவிட்டது. பின்னால் எங்காவது வெள்ளையாகப் பூத்தால் நான் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம், துணியால் துடைத்துவிடுங்கள்.

இந்த வாரம் பார்சலில் அனுப்புகிறேன். வெளிச்சம் வரும் ஜன்னலில் மாட்டுங்கள். பின்பக்கத்தில் அந்த மூன்று ஒழுகலும் இருக்கின்றன. திருப்பிப் பார்க்காதீர்கள் என்று சொன்னால் முதல் வேலையாக அதைத்தான் செய்வீர்கள். பார்த்துவிட்டு என்ன தப்பு என்று எழுதுங்கள். போனில் வேண்டாம், எழுதியே அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகள்